ஊரிலிருந்து வந்த குண்டு மிளகாய் விதை: யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

வெருலம்_தோட்டம்
ஆகஸ்ட் 2, மாலை

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் இந்தக் குளிர்காலம் இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் காய்த்துப் பழுத்திருக்கிறது. முண்டு என்றும் சொல்வார்கள். சின்ன உருண்டை, தடித்த தோல், காய்ந்தபின் காதருகே குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஆடும். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் நீள வத்தல் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஊசி மிளகாய் வேலியோரத்தில் தானாகவே முளைக்கிறது. ஆனால் எண்ணெயில் போட்டதும் உப்பி, வத்தக்குழம்பு முழுவதும் மணக்கிற அந்தக் குண்டு மிளகாயைப் பச்சையாகச் செடியில் நான் பார்ப்பது இங்கேதான்.

விதை இரண்டு வருடத்துக்கு முன் அனுமதி வாங்கி ஊரிலிருந்து வரவழைத்தது. முதல் தலைமுறையில் எடுத்த விதையைத்தான் இந்த வருடம் போட்டேன். மொத்தம் 12 செடி. அதில் 9 செடியில் காய் அச்சு அசலாகக் குண்டு. மூன்று செடியில் மட்டும் காய் கொஞ்சம் நீண்டு, முனை கூராக இருக்கிறது. அந்த மூன்றை விட்டுவிட்டு 9 செடியின் பழத்திலிருந்து மட்டும் விதை எடுத்துக் காயவைத்தேன். 600 விதை தேறும். உறைக்கு 20 என்றால் 30 பேருக்குக் கொடுக்கலாம். காசு எதுவும் வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி. அந்த மூன்று செடி ஏன் மாறியது? மீதி விதையை நம்பிக் கொடுக்கலாமா?

சாட்ஸ்வொர்த்_தாத்தா
ஆகஸ்ட் 2, இரவு

அம்மா, எனக்கு ஒரு உறை எடுத்து வையுங்கள். எனக்கு வயது 74. எங்கள் ஆயா டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மகசீன் பராக்ஸில் இருந்தபோது தகர டப்பாவில் மிளகாய் வளர்த்தார். அந்த மிளகாயின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆயா இறந்த பிறகு செடியும் போய்விட்டது, விதையும் எடுத்து வைக்கவில்லை. அவர் செய்த மிளகாய் ஊறுகாயின் ருசி மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது. அதே ருசி வேறு எந்த மிளகாயிலும் வந்ததில்லை.

நேரமும் நல்ல நேரம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். கோயிலில் கஞ்சி வார்த்து முடித்ததும் நாற்று விட்டுவிடுகிறேன்.

மிட்ராண்ட்_மாடித்தோட்டம்
ஆகஸ்ட் 3, காலை

அக்கா, அருமை. எனக்கும் ஒன்று. மதுரையிலிருந்து வேலைக்காக வந்து மூன்று வருடம் ஆகிறது. டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். வரும்போது குண்டு, சம்பா, காந்தாரி, அப்புறம் மோர் மிளகாய்க்கு ஏற்ற ரகம் எல்லாம் பத்துப் பத்து கிராம் கொண்டுவந்து இங்கே எல்லோருக்கும் தருகிறேன். பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தால் இடமே அடைக்காது. யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், பட்டியல் போடுகிறேன்.

டோங்காட்_விவசாயி
ஆகஸ்ட் 3, மதியம்

தம்பி, நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் தயவுசெய்து அப்படிக் கொண்டுவராதீர்கள்.

நான் டோங்காட்டில் மிளகாயும் கத்தரியும் தக்காளியும் போடுகிறவன். அப்பா காலத்திலிருந்து அதே நிலம். அதிகாலையில் வாரிக் மார்க்கெட்டுக்குப் போகிற சரக்கில் எங்களுடையதும் உண்டு. விதை வழியாக வருகிற நோய்கள் எவ்வளவு என்று வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இலையில் எண்ணெய் பட்டது போலப் புள்ளி விழும் பாக்டீரியா நோய் விதையிலேயே உட்கார்ந்து வரும். இப்போது உலகம் முழுக்க விவசாயிகள் பயப்படுவது தக்காளியில் காய் சொரசொரத்துப் பழுப்பாகும் ஒரு வைரஸுக்கு. 2014இல் இஸ்ரேலிலும் 2015இல் ஜோர்டானிலும் தலைகாட்டியது. பத்து வருடத்துக்குள் பல கண்டங்களுக்குப் போய்விட்டது. அது மிளகாயையும் தாக்கும். விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு போகும். அப்புறம் கை, கத்தரிக்கோல், கட்டுகிற கயிறு, சட்டை என்று தொட்ட இடமெல்லாம் பரவும். பூச்சி கூடத் தேவையில்லை. வந்துவிட்டால் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு பத்துச் செடி போகும். எங்களுக்கு ஒரு வருட வருமானம் போகும். இந்த நாட்டில் இதற்கென்று சட்டம் இருக்கிறது. விதை உள்ளே வர இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்புகிற நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வெருலம் அக்கா அதைச் செய்திருக்கிறார். அதற்காக அவரைக் கும்பிடுகிறேன்.

மிட்ராண்ட்_மாடித்தோட்டம்
ஆகஸ்ட் 3, மாலை

அண்ணா, இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. சமையலுக்கு மசாலாப் பொடி கொண்டுவருவது போலத்தான் இதையும் நினைத்தேன். கொண்டுவரவில்லை. பட்டியலை விட்டுவிடுங்கள். ஆனால் பத்து கிராம் விதைக்குத் தனி ஆள் ஒருவர் அனுமதி வாங்க முடியுமா? பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் தருவார்கள் என்றல்லவா எல்லோரும் சொல்கிறார்கள்?

வெருலம்_தோட்டம்
ஆகஸ்ட் 3, இரவு

முடியும் தம்பி, பொறுமைதான் வேண்டும். நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் தடவை நானும் கைப்பையில்தான் கொண்டுவந்தேன். பரமக்குடிப் பக்கம் நாத்தனார் வீட்டில் கொடுத்த வத்தல், ஒரு கை நிறைய விதை. விமான நிலையத்தில் படிவத்தைப் பார்த்ததும் மனது கேட்கவில்லை, விதை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எடுத்துக்கொண்டார்கள். அபராதம் இல்லை, திட்டும் இல்லை. ஆனால் வீடு வரும் வரை கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. நாத்தனார் ஒவ்வொரு வத்தலாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அது.

அப்புறம்தான் முறையாகச் செய்தேன். வேளாண் துறைக்கு விண்ணப்பம், அதற்குக் கட்டணம், என்ன செடி, எந்த நாடு, எவ்வளவு என்ற விவரம். மிளகாய் என்று மட்டும் எழுதினால் போதாது, கேப்சிகம் ஆனும் என்ற தாவரப் பெயரும் எழுத வேண்டும். அனுமதி வந்தபோது, விதை எந்தெந்த நோய் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. அந்தத் தாளை ஊரில் விதை விற்பவருக்கு அனுப்பினேன். அவர் அதைக் காட்டி அங்கே சான்றிதழ் வாங்கி, விதையோடு சேர்த்து அனுப்பினார். இதில் வரிசை முக்கியம். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் விதை அங்கிருந்து கிளம்ப வேண்டும். விதையை அனுப்பிவிட்டு அனுமதி கேட்டால் நடக்காது.

எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது. விதையின் விலையை விடத் தாளுக்கு ஆன செலவு பல மடங்கு. அதனால்தான் இதை நான் ஒருத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது. ஒருமுறை சரியாக வந்ததை நமக்குள் பெருக்கிக்கொண்டால், அடுத்த வீட்டில் யாரும் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவர வேண்டியதில்லை.

பீனிக்ஸ்_சமையல்
ஆகஸ்ட் 4, காலை

இவ்வளவு சிரமம் எதற்கு? மசாலாக் கடையில் இந்திய வத்தல் இருக்கிறதே. உடைத்து விதையைப் போட்டால் முளைக்கிறது. நான் போட்டிருக்கிறேன், பத்துக்கு நாலு முளைத்தது.

மரிட்ஸ்பர்க்_நாற்று
ஆகஸ்ட் 4, மாலை

அக்கா, முளைக்கும் என்பது உண்மைதான். வெயிலில் காய்ந்த வத்தலில் உயிருள்ள விதை இருக்கும். ஆனால் அது சாப்பிடுவதற்காக உள்ளே வந்த சரக்கு, விதைப்பதற்காகச் சோதித்து வந்தது அல்ல. எந்தச் செடியில் என்ன நோய் இருந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதோடு இப்போது வரும் நீள வத்தலில் நிறைய வீரிய ஒட்டு ரகம். அதன் விதையைப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக நிற்கும். தயவுசெய்து வேண்டாம்.

வெருலம் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நாற்றுப் பண்ணையில் 20 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனால் தேனீ வந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தமும் சேரும். எவ்வளவு சேரும் என்பது இடத்துக்கு இடம் மாறும், தேனீ நிறைய இருக்கும் தோட்டத்தில் நினைப்பதை விட அதிகம். உங்கள் முதல் தலைமுறைச் செடிகளுக்குப் பக்கத்தில் யாராவது நீளப் பச்சை மிளகாய் வைத்திருந்தார்களா? அந்த மூன்று செடியும் அப்படிப் பிறந்தவையாக இருக்கும்.

இங்கே எல்லோரும் தப்பாக நினைக்கும் ஒன்று இருக்கிறது. காரமான செடிக்குப் பக்கத்தில் வைத்தால் காரமில்லாத குடைமிளகாயும் அதே வருடம் காரமாகும் என்பார்கள். ஆகாது. நாம் சாப்பிடும் சதையும், காரம் ஊறுகிற உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டும் தாய்ச்செடியின் உடம்பு. அப்பன் யாராக இருந்தாலும் அது மாறாது. கலப்பு விதைக்குள் மட்டும்தான் இருக்கும். அந்த விதையைப் போட்டு, அது வளர்ந்து காய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். காரமும் விதையில் இல்லை, அந்த வெள்ளைப் பகுதியில்தான். விதை அதில் ஒட்டியிருப்பதால் காரமாகத் தோன்றுகிறது.

இதனால் உங்களுக்கு ஒரு வருத்தமான செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. 9 செடியின் காய் குண்டாக இருப்பதால் அந்தச் செடிகள் சுத்தம் என்று சொல்லலாம். அவற்றின் விதை சுத்தம் என்று சொல்ல முடியாது. அந்த மூன்று கலப்புச் செடியும் பக்கத்திலேயே பூத்து நின்றன, தேனீயும் வந்திருக்கும். 600 விதையில் எத்தனை கலந்திருக்கும் என்பதை இப்போது யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஊரிலிருந்து வந்த மூல விதை மிச்சம் இருக்கிறதா?

வெருலம்_தோட்டம்
ஆகஸ்ட் 4, இரவு

பக்கத்து வீட்டில் நீள மிளகாய் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், நாலு மீட்டர் கூட இருக்காது.

இதைப் படித்துவிட்டு நெடுநேரம் அந்த உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 30 உறையிலும் "இராமநாதபுரம் குண்டு" என்று கையால் எழுதி முடித்திருந்தேன். சரி, தெரியாமல் கொடுக்காமல் இருந்தேனே, அது வரை நல்லது. மூல விதை 40 இருக்கிறது, கண்ணாடிப் புட்டியில், குளிர்பெட்டியில்.

சாட்ஸ்வொர்த்_தாத்தா
ஆகஸ்ட் 5, காலை

நான் ஒன்று சொல்லலாமா? 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். அவர்கள் எந்தச் சான்றிதழைக் கேட்டு முந்தானையில் விதை முடிந்தார்கள்? அப்படி ஏதோ ஒரு முடிச்சில்தானே முருங்கையும் கறிவேப்பிலையும் இந்த மண்ணுக்கு வந்திருக்கும். எங்கள் ஆயாவின் மிளகாயும் அப்படி வந்ததாகவே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விதைக்கு இத்தனை கட்டுப்பாடு போட்டால், ஏழைக்கு விதை எப்படிக் கிடைக்கும்? எல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்குவதாக ஆகிவிடாதா? கலந்திருந்தால் இருக்கட்டும். மிளகாய் மிளகாய்தானே, எனக்குக் கொடுங்கள்.

டோங்காட்_விவசாயி
ஆகஸ்ட் 5, மதியம்

ஐயா, என் தாத்தாவும் அந்தக் கப்பல்களில் ஒன்றில் வந்தவர்தான். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்ததும் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார். ஏழைக்கு விதை வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் துளிக்கூட வேறுபாடு இல்லை. கடை விதை ஒரு பாக்கெட் விலை எனக்கும் தெரியும்.

ஆனால் அவர்கள் வந்தது மாதக்கணக்கில் கப்பலில். இன்றைக்கு ராத்திரி செடியில் இருந்தது நாளை மறுநாள் நம் கையில் இருக்கிறது. நோயும் அதே வேகத்தில் வருகிறது. நம்மிடமிருந்து வெளியே போவதும் அப்படித்தான். ஆப்பிரிக்காவிலேயே பிறந்த ஒரு அந்துப்பூச்சி ஆரஞ்சிலும் மிளகாயிலும் புழு வைக்கும். அது தங்கள் மண்ணுக்கு வந்துவிடக் கூடாது என்று ஐரோப்பா நம் ஆரஞ்சுக்கும் மிளகாய்க்கும் நிபந்தனை போட்டிருக்கிறது. எங்களுக்கு அது தொல்லைதான். ஆனாலும் அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன்.

நான் பகிர்வதை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. எல்லைக்குள் வந்துவிட்ட விதையை, நோயில்லாத செடியிலிருந்து எடுத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதை விட நல்ல காரியம் எனக்குத் தெரியாது.

மரிட்ஸ்பர்க்_நாற்று
ஆகஸ்ட் 5, மாலை

தாத்தா சொன்னதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. மிளகாயே நமக்கு வெளியூர்ச் சரக்கு. தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துச் செடி. போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த பிறகுதான் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு, மிளகு போல உறைக்கும் காய் என்று மிளகாய் எனப் பெயர் வைத்தோம். கை மாறிக் கை மாறி வந்ததால்தான் இராமநாதபுரத்துக் கரிசலில் ஒரு குண்டும், மொசாம்பிக் பக்கம் ஒரு பெரிபெரியும் உண்டாயின. அதனால் பகிர்வது தப்பே இல்லை. எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. உங்கள் ஆயாவின் மிளகாய் தொலைந்தது விதை இல்லாமல் மட்டுமல்ல, பெயர் இல்லாமலும்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ரோஸ்ஹில்_வாசகி
ஆகஸ்ட் 6, காலை

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை ஆசையோடு படிக்கிறேன். எங்களுக்கு காத்தோ பிமான் என்ற பருப்பு வடைக்குப் பச்சை மிளகாய் உண்டு, ஆனால் தாளிக்கக் குண்டு வத்தல் கிடையாது. தபாலில் ஒரு உறை அனுப்ப முடியுமா அக்கா?

வெருலம்_தோட்டம்
ஆகஸ்ட் 6, மாலை

உங்களுக்குக் கொடுக்க மனது துடிக்கிறது. ஆனால் அது இன்னொரு எல்லை. உங்கள் நாட்டு அனுமதியும் எங்கள் நாட்டுச் சான்றிதழும் இல்லாமல் கடிதத்துக்குள் வைத்து அனுப்ப மாட்டேன். நீங்கள் அங்கே அனுமதிக்கு முயன்றால், தெரிந்ததை எல்லாம் தனிச் செய்தியில் எழுதுகிறேன். விதை சுத்தமானதும் உங்கள் பெயரில் ஒரு உறை எடுத்து வைக்கிறேன்.

லெனேசியா_சமையற்கட்டு
ஆகஸ்ட் 7, இரவு

இன்னொரு எச்சரிக்கை. போன வருடம் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் உலகிலேயே காரமானது என்று பெப்பர் எக்ஸ் விதை வாங்கினேன். நாலு மாதம் வளர்த்த பிறகு காய்த்தது சாதாரணக் குடைமிளகாய். பணம் போனதை விட அந்த நாலு மாதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எனக்கு ஒரு கேள்வியும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் உறைபனி விழும். இங்கே குண்டு வருமா?

மரிட்ஸ்பர்க்_நாற்று
ஆகஸ்ட் 7, இரவு

பெப்பர் எக்ஸ் 2023 அக்டோபரில் கின்னஸில் ஏறியது, சராசரி 26 லட்சத்து 93 ஆயிரம் ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு). அதை உருவாக்கிய எட் கரி விதையை வெளியே கொடுக்கவில்லை என்று அப்போதே சொன்னார். அந்தப் பெயரில் கடையில் விற்றது எதுவாக இருந்தாலும் அது இல்லை. கேட்காமலே வீட்டுக்கு வரும் விதைப் பொட்டலங்களையும் நட வேண்டாம். 2020இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி வந்தபோது, அரசாங்கமே நடாதீர்கள் என்றது.

உறைபனி உள்ள ஊரில் ஆகஸ்டில் வீட்டுக்குள் நாற்று விட்டு, பனி நின்ற பிறகு அக்டோபரில் வெளியே நடுங்கள். முளைக்க 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். அது இருந்தால் குண்டு இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். காந்தாரி, பூத் ஜோலோகியா போன்றவை மூன்று நாலு வாரம் கூட எடுக்கும். முளைக்கவில்லை என்று பத்தாம் நாளே மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்.

வெருலம்_தோட்டம்
ஆகஸ்ட் 8, காலை

ஆடிப்பட்டத்தைப் பற்றித் தாத்தா சொன்னதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும்.

நானும் முதல் வருடம் ஆடியில்தான் விதைத்தேன். செடி நன்றாக வந்தது. ஜனவரி, பிப்ரவரியில் பழுக்கத் தொடங்கியபோது தினமும் மழை, புழுக்கம். பழத்தில் வட்டவட்டமாகக் குழி விழுந்து கருத்து அழுகியது. பாதிக்கு மேல் போய்விட்டது. நாத்தனாரிடம் போனில் சொல்லி அழுதேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்கே காய் பழுக்கும்போது மழையா?" என்பதுதான். இராமநாதபுரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி வளரும். தை, மாசி, பங்குனி வெயிலில் பழுக்கும். மானாவாரிப் பயிர், பழுக்கும்போது காய்ச்சல் வேண்டும். டர்பனில் கோடைதான் மழைக்காலம். ஆடியில் விதைத்தால் மழை சரியாகப் பழத்தின் மேல் வந்து விழுகிறது.

அதனால் இந்தத் தடவை பிப்ரவரியில் நாற்று விட்டு மார்ச் கடைசியில் நட்டேன். ஜூன், ஜூலையில் பழுத்தது. இங்கே குளிர்காலம் வறண்டிருக்கும், உறைபனியும் இல்லை. நிதானமாகத்தான் பழுக்கிறது, ஆனால் ஒரு பழம் கூட அழுகவில்லை. அடியில் கரும்புச் சோகை பரப்பினேன், தண்ணீர் குறைவாகவே விட்டேன். தாத்தா, ஆடியில் போடாதீர்கள். எப்படியும் உங்களுக்குச் சுத்தமான விதை வருவதற்கு நாள் இருக்கிறது.

மரிட்ஸ்பர்க்_நாற்று
ஆகஸ்ட் 8, மாலை

இதை எந்தப் பாக்கெட்டின் பின்னாலும் போட்டிருக்க மாட்டார்கள் அக்கா. உங்கள் உறையில் கண்டிப்பாக எழுதுங்கள்.

விதையைச் சுத்தமாக எடுக்க ஒரு எளிய வழி. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மெல்லிய வலைப் பை இருக்கிறதே, அது போதும். மொட்டு விரிவதற்கு முன் ஒரு கிளையைப் பைக்குள் விட்டு வாயைக் கட்டிவிடுங்கள். ஏற்கெனவே விரிந்த பூவும் பிஞ்சும் அந்தக் கிளையில் இருந்தால் கிள்ளிவிடுங்கள். தினமும் காலையில் கிளையை விரலால் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். காய் பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காயின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டிய பழத்தில் மட்டும் விதை. ஒரே செடியில் எடுக்காமல் ஐந்தாறு செடியிலிருந்து எடுங்கள். இலை சுருண்டதும் மொசைக் போல வெளிர்ந்ததும் எவ்வளவு காய்த்தாலும் விதைக்கு வேண்டாம்.

விதையை நிழலில் காயவையுங்கள். வளைத்தால் வளையாமல் படக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. பாக்டீரியாப் புள்ளி நோய்க்கு 52 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைத்து எடுப்பது பழைய வழி. வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள், சூடு கூடினால் விதை வெந்துவிடும். வைரஸுக்கு இதை நம்ப முடியாது, அதற்கு நல்ல செடியைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் பாதுகாப்பு.

சாட்ஸ்வொர்த்_தாத்தா
ஆகஸ்ட் 9, காலை

சரி, காத்திருக்கிறேன். வலைப் பை என் பேத்தி கல்யாணத்தில் மிஞ்சியது நாற்பது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.

வெருலம்_தோட்டம்
பிப்ரவரி 11, இரவு

பழைய இழையை மேலே தூக்குகிறேன். மூல விதை 40இல் பத்தை ஈரத் துணியில் வைத்துப் பார்த்தேன், 7 முளைத்தது. மீதி முப்பதையும் நாற்று விட்டாயிற்று. பக்கத்து வீட்டு அம்மா தன் நீள மிளகாயை இந்த வருடம் முன்பக்கம் மாற்றிக்கொள்கிறேன் என்றார். நான் கேட்கவே இல்லை, இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவராகச் செய்தார். ஆனாலும் பை கட்டத்தான் போகிறேன். சின்னான் குருவிக்கு மிளகாய் உறைக்காது, தின்றுவிட்டு விதையை எங்கே வேண்டுமானாலும் போடும். வேலியோரத்தில் புதிதாக முளைத்த ஊசி மிளகாய் இரண்டைப் போன வாரம்தான் பிடுங்கினேன்.

டோங்காட்_விவசாயி
பிப்ரவரி 12, மாலை

நட்டதும் சொல்லுங்கள் அக்கா, ஒருநாள் வந்து இலையைப் பார்க்கிறேன். வரும்போது வயலுக்குப் போட்ட சட்டையோடு வர மாட்டேன், கையையும் கழுவிவிட்டே தொடுவேன்.

வெருலம்_தோட்டம்
ஜூலை 26, மாலை

நூல் கட்டிய பழம் 61. எட்டுச் செடியிலிருந்து. எல்லாம் குண்டு. டோங்காட் அண்ணன் இரண்டு தடவை வந்து ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு செடியின் நுனி இலை சுருண்டிருக்கிறது என்றார், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன வருடத்து 600 விதையை வீணாக்கவில்லை. வீட்டுச் சமையலுக்கு மட்டும் போதும் என்று கேட்ட ஆறு பேருக்குக் கொடுத்தேன். பழைய எழுத்தை அடித்துவிட்டு "கலந்திருக்கலாம், இதிலிருந்து விதை எடுத்துப் பிறருக்குத் தர வேண்டாம்" என்று எழுதினேன்.

புதிய உறையில் இப்படி எழுதியிருக்கிறேன். யாராவது திருத்தம் சொன்னால் மாற்றுகிறேன்:

குண்டு மிளகாய். மூல விதை இராமநாதபுரம் மாவட்டம், அனுமதியோடு வந்தது. வெருலத்தில் பை கட்டி எடுத்த விதை, ஜூலை. கடற்கரையில் பிப்ரவரியில் நாற்று விடவும், உறைபனி ஊரில் ஆகஸ்டில் வீட்டுக்குள். 20 விதை. விற்பனைக்கு அல்ல.

மரிட்ஸ்பர்க்_நாற்று
ஜூலை 26, இரவு

ஒரே ஒரு திருத்தம். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் அந்த மண்ணில் விளைந்ததற்கு உரியது. மூல விதை எங்கிருந்து என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. வாங்குகிறவர்கள் நாளைக்கு வத்தல் போட்டு விற்றால் இராமநாதபுரம் முண்டு என்று பெயர் போட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வெருலம்_தோட்டம்
ஜூலை 27, காலை

சேர்த்துவிட்டேன். இந்த ஞாயிறு கோயிலில் காலை 9 மணியிலிருந்து செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பேன். வெளியூர்க்காரர்கள் நாட்டுக்குள் என்றால் முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ரோஸ்ஹில் தங்கைக்கு அனுமதி வந்துவிட்டதாம், இங்கே சான்றிதழுக்கு நாளை விண்ணப்பிக்கிறேன்.

முதல் உறை சாட்ஸ்வொர்த் தாத்தாவுக்கு.

சாட்ஸ்வொர்த்_தாத்தா
ஜூலை 27, மதியம்

வருகிறேன் அம்மா. வலைப் பை இன்னும் இருபது இருக்கிறது, கொண்டுவருகிறேன்.